அலகுப்பனை மட்டும் நிற்கும் தோப்பு

பனையில் ஆண் வேறு, பெண் வேறு என்பதைத் தென்மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆண் பனை அலகுப்பனை. பெண் பனை பருவப்பனை. எதன் பாளையைச் சீவினாலும் பதநீர் வடியும். நுங்கு காய்ப்பதும் பழம் உதிர்ப்பதும் பருவப்பனை மட்டுமே. கொட்டையை ஊன்றியவருக்கே அது ஆணா பெண்ணா என்று உடனே தெரியாது. வடலி வளர்ந்து, மரமாகி, முதல் பாளை தள்ளும்வரை பத்துப் பதினைந்து ஆண்டுகள் பொறுத்திருக்க வேண்டும்.

ஒரு தோப்பில் இருந்த பருவப்பனைகளை எல்லாம் செங்கல் சூளைக்காரர்கள் வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் நிற்பவை அலகுப்பனைகள். தூரத்தில் இருந்து பார்த்தால் தோப்பு பச்சையாகத்தான் தெரியும். ஓலை வெட்டலாம், பதநீர் இறக்கலாம், நிழலில் படுத்துத் தூங்கலாம். இரண்டு தலைமுறைக்கு ஒரு குறையும் தெரியாது. ஆனால் அந்தத் தோப்பின் மண்ணில் ஒரு பழம் விழாது, ஒரு கிழங்கு முளைக்காது, ஒரு வடலி தலைகாட்டாது. தோப்பு உயிரோடு நிற்கும்போதே அதன் வம்சம் முடிந்துபோயிருக்கும்.

நான் கற்பனையாகச் சொன்ன இந்த நிலையில் உண்மையாகவே இரண்டு உயிர்கள் இன்று இருக்கின்றன. இரண்டும் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவை. ஒன்று தாவரம், அதில் ஆண் மட்டும் மிஞ்சியிருக்கிறது. மற்றொன்று விலங்கு, அதில் பெண் மட்டும் மிஞ்சியிருக்கிறது. தாவரத்தின் பெயர் என்செஃபலார்டோஸ் வுட்டியை. விலங்கு, வடக்கு வெள்ளைக் காண்டாமிருகம். இரண்டுக்கும் அறிவியல் பெயர் கிடைத்தது ஒரே ஆண்டில், 1908-ல். இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அருகிவரும் உயிர் ஒன்றைக் காப்பாற்றுவது என்றால் என்ன, அதை எப்போது செய்ய வேண்டும் என்ற கேள்விகளுக்குத் தெளிவான விடை கிடைக்கிறது.

1895, சூலு நாடு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரம் தமிழர்களுக்குப் புதியதல்ல. 1860-ல் சென்னையில் இருந்து கப்பலேறிய கரும்புத் தோட்டத் தொழிலாளர்கள் போய் இறங்கிய துறைமுகம் அது. அந்த நகரத்துத் தாவரவியல் பூங்காவின் பொறுப்பாளராக இருந்தவர் ஜான் மெட்லி வுட். 1895-ல் அவர் வடக்கே சூலு நாட்டில் இருக்கும் இங்கோயே காட்டுக்குப் போனார். காட்டின் ஓரத்தில், செங்குத்தான ஒரு சரிவில், அதுவரை பார்த்திராத ஒரு சைகஸ் வகை மரம் நின்றது. ஒரே தூரில் இருந்து கிளம்பிய நான்கு தண்டுகள். உச்சியில் குடை விரித்தாற்போல் பளபளக்கும் கரும்பச்சை ஓலைகள். பார்வைக்குப் பனையின் உறவு போலத் தோன்றினாலும் பனைக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. பூக்கும் தாவரங்கள் உலகில் தோன்றுவதற்கு வெகு காலம் முன்பே, ஏறத்தாழ 28 கோடி ஆண்டுகளுக்கு முன்பே கிளைத்த சைகஸ் வழிமுறையைச் சேர்ந்தது இது. இந்தக் கூட்டத்தில் பூ கிடையாது, கூம்புதான். ஆண் கூம்பு ஒரு மரத்தில், பெண் கூம்பு வேறொரு மரத்தில். இந்த வகையில் பனையின் கதைதான்.

வுட் கண்டது ஆண் மரம். பக்கத்தில் பெண் மரம் இல்லை. பிறகு பலர் தேடினார்கள். ஆணோ பெண்ணோ, அந்த இனத்தின் இன்னொரு மரத்தை யாரும் இன்றுவரை காணவில்லை.

அதே 1895. அதே சூலு நாடு. இம்ஃபொலோசி ஆற்றுப் பகுதியில் இன்னொரு செய்தி வெளியே வந்தது. வேட்டையாடி அழித்தே விட்டார்கள் என்று எல்லோரும் நினைத்திருந்த தெற்கு வெள்ளைக் காண்டாமிருகங்கள் ஒரு சின்னக் கூட்டமாக அங்கே ஒளிந்து பிழைத்திருந்தன. நூற்றுக்கும் குறைவு. அந்தப் பகுதியை உடனே காப்புக்காடாக அறிவித்தார்கள். இந்தக் காண்டாமிருகக் கூட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதனிடம்தான் திரும்பி வரப்போகிறோம்.

மரத்தின் கதை

இங்கோயே மரத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தவர்கள் அதைக் காட்டில் இருந்து பெயர்த்தார்கள். 1903-ல் வுட்டின் துணைவரான ஜேம்ஸ் வைலி, தூரின் அடியில் வெடித்திருந்த பக்கக்கன்றுகள் சிலவற்றை டர்பன் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். 1907-ல் பெரிய தண்டுகள் இரண்டைக் கொண்டுவந்தார். 1912-ல் காட்டில் மிஞ்சியது மூன்று மீட்டர் உயரமுள்ள ஒரே தண்டு. 1916-ல் வனத்துறை அதையும் பெயர்த்து பிரிட்டோரியாவுக்கு அனுப்பியது. 1964-ல் அந்தத் தண்டு பட்டுப்போனது. காட்டில் இந்த இனத்தின் வாழ்வு 1916-லேயே முடிந்துவிட்டது.

ஆனால் கன்றுகள் பிழைத்தன. வாழையை நினைத்துக்கொண்டால் இது எளிதாகப் புரியும். நாம் உண்ணும் வாழைக்கு விதை இல்லை. தாய்மரம் குலை தள்ளிச் சாய்வதற்குள் பக்கத்தில் கன்று எழுந்துவிடும். அதைப் பெயர்த்து வேறிடத்தில் வைத்தால் அதே வாழை மீண்டும் வளரும். வுட்டியை மரமும் இப்படிக் கன்று வைக்கும். டர்பனில் இருந்து கன்று கன்றாகப் பிரிந்து உலகின் பல தாவரவியல் பூங்காக்களுக்கு அது போய்ச் சேர்ந்தது. லண்டனின் கியூ பூங்காவுக்கு அதற்கும் முன்பே, 1899-ல் ஒன்று போயிருந்தது. நூறாண்டுக்கும் மேல் கண்ணாடிக் கூடத்தில் வளர்ந்த அந்த மரம் 2004-ல் அங்கே முதன்முதலாகக் கூம்பு விட்டது. ஆரஞ்சும் மஞ்சளும் கலந்த அழகான ஆண் கூம்பு. அதன் மகரந்தம் போய்ச் சேர உலகில் எந்த இடமும் இல்லை.

இன்று எத்தனையோ நாடுகளில் வுட்டியை மரங்கள் நிற்கின்றன. அத்தனையும் சேர்ந்து ஒரே மரம்தான். ஒரே தூரின் கன்றுகள், ஒரே மரபணுத் தொகுப்பு, ஒரே பால். ஒரு நோய் வந்து ஒன்றைச் சாய்க்க முடிந்தால் அதே நோயால் எல்லாவற்றையும் சாய்க்க முடியும். இதில் நூறு மரங்கள் என்பது ஒரு மரத்தின் நூறு நகல்கள்.

விலங்கின் கதை

வெள்ளைக் காண்டாமிருகம் வெள்ளை நிறமில்லை, சாம்பல் நிறம். அகன்ற, சதுர வாயால் புல்லை மட்டும் மேயும். யானைக்கு அடுத்தபடியாக நிலத்தில் வாழும் பெரிய விலங்குகளில் ஒன்று. இதில் வடக்கு, தெற்கு என்று இரண்டு துணையினங்கள். வடக்குக் காண்டாமிருகம் உகாண்டா, சாட், சூடான், மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு, காங்கோ ஆகிய நாடுகளின் புல்வெளிகளில் திரிந்தது. 1960-ல் 2,000-க்கும் மேல் இருந்தது. அந்தக் காலத்தில் எவரும் அதற்காகக் கவலைப்படவில்லை. கவலைப்பட வேண்டியிருந்தது தெற்குக் காண்டாமிருகத்துக்காகத்தான்.

அடுத்த 25 ஆண்டுகளில் எல்லாம் தலைகீழானது. ஏமனில் இடுப்புக் கத்திக்குக் கைப்பிடி செய்யவும், கிழக்காசியாவில் மருந்துக்காகவும் கொம்புக்கு விலை ஏறியது. நம் நகத்தில் இருக்கும் அதே கெரட்டின் புரதம்தான் கொம்பு. அதற்காக இரண்டு டன் விலங்கைச் சுட்டு வீழ்த்தினார்கள். உள்நாட்டுப் போர்கள் நடந்த நாடுகளில் துப்பாக்கிக்கும் பஞ்சமில்லை, பசிக்கும் பஞ்சமில்லை. 1984-ல் காங்கோவின் கரம்பா தேசியப் பூங்காவில் மிஞ்சியவை ஏறத்தாழ 15. பாதுகாப்புக் கூடியதும் 2003-க்குள் அவை 30 அளவுக்குப் பெருகின. மீண்டும் வேட்டைக் கும்பல்கள் நுழைந்தன. 2006-ல் நான்கைக் கண்டதுதான் கடைசி. அதன் பிறகு காட்டில் அவற்றை யாரும் காணவில்லை.

செக் நாட்டின் ட்வூர் க்ராலவே விலங்கியல் பூங்காவில், 1970-களில் பிடித்துக்கொண்டுபோன சிலவும் அவற்றின் வாரிசுகளும் இருந்தன. குளிர்நாட்டுக் கூண்டில் கன்று ஈனுவதை நிறுத்திவிட்ட இவை, பிறந்த கண்டத்தின் புல்வெளியில் ஒருவேளை ஈனலாம் என்ற நம்பிக்கையில் 2009 டிசம்பரில் நான்கைக் கென்யாவின் ஓல் பெஜெட்டா காப்பகத்துக்குக் கொண்டுவந்தார்கள். சூடான், சூனி என்ற இரண்டு ஆண்கள். நஜின், ஃபாட்டு என்ற இரண்டு பெண்கள். இயற்கையாக ஒரு கன்றும் பிறக்கவில்லை. சூனி 2014-ல் இறந்தது. சூடான் 2018 மார்ச் 19 அன்று, 45 வயதில் இறந்தது. நஜின் சூடானின் மகள். ஃபாட்டு நஜினின் மகள். தாயும் மகளுமாக, துப்பாக்கி ஏந்திய காவலர்கள் இரவும் பகலும் சுற்றி நிற்க, ஒரு துணையினத்தின் கடைசி இரண்டு விலங்குகள் அங்கே மேய்ந்துகொண்டிருக்கின்றன.

காத்திருக்கத் தெரிந்தது, காத்திருக்க முடியாதது

இரண்டின் நிலையும் ஒன்றுபோலத் தெரிகிறது: இணை இல்லை, வாரிசு இல்லை. ஆனால் தாவரத்தின் உடலும் விலங்கின் உடலும் காலத்தோடு நடத்தும் வாழ்க்கை வெவ்வேறு.

தாவரத்தின் உடல் துண்டு துண்டாக வாழத் தெரிந்த உடல். தண்டின் நுனியிலும் தூரிலும் என்றும் இளமையாக இருக்கும் திசுக்கள் உண்டு. அவற்றில் ஒன்று பிழைத்தாலும் முழு மரத்தையும் மறுபடி உருவாக்கிவிடும். சைகஸ் மரங்கள் நூற்றுக்கணக்கான ஆண்டுகள் வாழ்பவை. கன்று வைத்துக்கொண்டே போனால் முதுமை என்ற ஒன்று அவற்றுக்கு இல்லை என்றே சொல்லலாம். ஆகவே வுட்டியை மரத்தால் காத்திருக்க முடிகிறது. 130 ஆண்டுகள் காத்திருக்கிறது; இன்னும் 130 ஆண்டுகள் காத்திருக்கும்.

காண்டாமிருகத்துக்கு இந்த வசதி இல்லை. அதன் காதை வெட்டி நட்டால் இன்னொரு காண்டாமிருகம் முளைக்காது. 40, 50 ஆண்டு ஆயுள். அதற்குள் கன்று ஈன வேண்டும். 16 மாதம் கரு சுமந்து ஒரு நேரத்தில் ஒரு கன்று. நஜின் 1989-ல் பிறந்தவள். பின்னங்கால்கள் தளர்ந்துவிட்டதால் கருவின் எடையைத் தாங்க முடியாது. 2000-ல் பிறந்த ஃபாட்டுவின் கருப்பை நோய்ப்பட்டது. மரத்துக்கு நேரம் நிறைய இருக்கிறது, துணையாகத் தேட உலகில் ஒரு பெண்கூட இல்லை. காண்டாமிருகத்துக்கு நேரமே இல்லை. ஆனால் அதற்கு மரத்திடம் இல்லாத ஒன்று இருக்கிறது: இறந்துபோன ஆண்களின் விந்தணுக்களை அவர்கள் உயிரோடிருந்தபோதே எடுத்து உறையவைத்திருந்தார்கள்.

ஆய்வகத்தில் பிறக்கும் நம்பிக்கை

ஜெர்மனியின் லைப்னிட்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த தாமஸ் ஹில்டபிராண்ட் தலைமையில் 'பயோரெஸ்க்யூ' என்ற குழு இயங்குகிறது. 2019 ஆகஸ்டில் இந்தக் குழு நஜினையும் ஃபாட்டுவையும் மயக்கத்தில் ஆழ்த்தி, மீயொலிப் படத்தைப் பார்த்துக்கொண்டே நீண்ட ஊசியால் கருமுட்டைகளை எடுத்தது. இரண்டில் இருந்தும் சேர்த்து 10 முட்டைகள். அவற்றை விமானத்தில் இத்தாலியின் கிரமோனா நகருக்குக் கொண்டுபோய், உறைந்த விந்தணுவைச் செலுத்திக் கருவாக்கினார்கள். இதைச் சில மாதங்களுக்கு ஒருமுறை திரும்பத் திரும்பச் செய்தார்கள். முதுமை காரணமாக 2021-ல் நஜினிடம் முட்டை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். இன்று திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரி குளிரில் 30-க்கும் மேற்பட்ட கருக்கள் காத்திருக்கின்றன. அத்தனைக்கும் தாய் ஃபாட்டு ஒருத்திதான்.

இந்தக் கருக்களைச் சுமக்கத் தெற்குக் காண்டாமிருகம் வாடகைத் தாயாக வேண்டும். 2023 செப்டம்பரில் ஒரு தெற்குக் காண்டாமிருகக் கருவைக் குர்ரா என்ற பெண் காண்டாமிருகத்தின் கருப்பையில் வைத்துச் சோதனை செய்தார்கள். கரு தரித்தது. உலகில் முதன்முறையாகக் காண்டாமிருகத்தில் இப்படி ஒரு கரு தங்கியது. ஆனால் அந்த ஆண்டு பெருமழை பெய்து, மண்ணில் உறங்கிக்கிடந்த நுண்கிருமிகள் வெளிப்பட்டு, குர்ரா நோய்ப்பட்டு இறந்தது. வயிற்றில் 70 நாள் ஆண் கரு, நீளம் 6.4 செ.மீ. வழி சரி என்று நிரூபித்துவிட்டு அந்தத் தாய் போய்விட்டது.

ஒரே பெண்ணின் பிள்ளைகளைக் கொண்டு ஓர் இனத்தை எழுப்பினால் உறவுக்குள் உறவாகவே பெருகும். நோய் எதிர்க்கும் திறன் குன்றும். இதற்கும் ஒரு வழி தேடுகிறார்கள். இறந்துபோன வேறு காண்டாமிருகங்களின் தோலணுக்கள் உறைநிலையில் இருக்கின்றன. அமெரிக்காவின் சான் டியகோ பூங்கா 1975 முதலே இப்படி உயிரணுக்களைச் சேமித்துவருகிறது. என்ன பயன் என்று யாருக்கும் தெரியாத காலத்திலேயே தொடங்கிய வேலை. தோலணுவைக் குருத்தணுவாக்கி, குருத்தணுவை முட்டையாகவோ விந்தாகவோ மாற்ற முடியுமா என்பதே இப்போதைய முயற்சி. ஜப்பானின் கட்சுஹிகோ ஹயாஷி குழுவினர் 2022-ல் இதன் முதற்படியைத் தொட்டார்கள்: 2015-ல் இறந்த நபிரே என்ற பெண்ணின் அணுக்களில் இருந்து, முட்டைக்கும் விந்துக்கும் முன்னோடியான அணுக்களை உருவாக்கிக் காட்டினார்கள்.

பெண்ணைத் தேடும் டிரோன்

மரத்துக்கு என்ன செய்கிறார்கள்? மூன்று வழிகள் பேசப்படுகின்றன.

முதலாவது, தேடுவது. இங்கோயே காடு ஏறத்தாழ 4,000 ஹெக்டேர். கால் வைக்க முடியாத சரிவுகள் உண்டு. எங்கோ ஒரு மூலையில் ஒரு பெண் மரம் நிற்கலாம் அல்லவா? இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரா சிந்தி தலைமையில் ஒரு குழு 2022 முதல் டிரோன்களை அனுப்பி, மேலிருந்து எடுத்த படங்களில் வுட்டியையின் ஓலைக் குடையை அடையாளம் காணக் கணினிக்குப் பயிற்சி கொடுத்துத் தேடிவருகிறது. 2024 வரை தேடி முடித்தது காட்டின் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. இன்னும் கிடைக்கவில்லை.

இரண்டாவது, கலப்பு. நெருங்கிய உறவான என்செஃபலார்டோஸ் நட்டாலென்சிஸ் இனத்தின் பெண் மரத்துக்கு வுட்டியையின் மகரந்தத்தைத் தூவினால் விதை பிடிக்கிறது. பிறக்கும் கன்று பாதி வுட்டியை. அதில் பெண்ணாக வளர்வதற்கு மீண்டும் வுட்டியை மகரந்தத்தைத் தூவினால் முக்கால் பங்கு. அதற்கடுத்த தலைமுறையில் 87.5 விழுக்காடு. ஒவ்வொரு தலைமுறையும் கூம்பு விடப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகலாம். தொடங்கியவர் முடிவைப் பார்க்க மாட்டார். எத்தனை தலைமுறை போனாலும் நூறு விழுக்காடு வராது. இங்கே விலங்குக்கும் தாவரத்துக்கும் உள்ள வேறுபாடு கூர்மையாகத் தெரிகிறது. தெற்குக் காண்டாமிருகம் வடக்குக் கன்றைச் சுமந்தாலும் பிறப்பது முழு வடக்குக் கன்றுதான். தாய் வயிற்றை மட்டும் கடன் தருகிறாள். நட்டாலென்சிஸ் தாயோ தன் மரபணுவையும் சேர்த்தே தருகிறது.

மூன்றாவது, ஆணைப் பெண்ணாக்குவது. சைகஸ் மரங்கள் அரிதாகப் பால் மாறியதாகக் குறிப்புகள் உண்டு. 2022-ல் வெளியான ஒரு சைகஸ் மரபணு ஆய்வு, ஆண் மரங்களில் மட்டும் காணப்படும் ஒரு மரபணுப் பகுதியைக் கண்டறிந்தது. பாலைத் தீர்மானிக்கும் பொறி எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், வேதிப்பொருள்கள் வழியாக அதைத் தூண்ட முடியுமா என்று யோசிக்கலாம். இதெல்லாம் இன்னும் தொடக்க நிலையில்தான். அப்படியே ஒரு பெண் கிடைத்தாலும் அதுவும் அதே மரத்தின் நகல்தான். தனக்குத் தானே மணமுடித்த மரத்தின் விதையில் புதிய மரபு அதிகம் இருக்காது.

உடல் மீண்டால் போதுமா?

ஓர் இனம் என்பது அதன் உடல் மட்டும் கிடையாது. நாளை ஒரு வடக்குக் காண்டாமிருகக் கன்று பிறந்தால் அதற்கு வடக்குக் காண்டாமிருகமாக வாழக் கற்றுக்கொடுப்பது யார்? எங்கே புரள்வது, யாரிடம் எப்படிப் பணிவது, எந்த ஒலிக்கு என்ன பொருள் என்பதைக் கன்று பெரியவற்றிடம் பார்த்துத்தான் படிக்கிறது. நஜினும் ஃபாட்டுவும் உயிரோடு இருக்கும்போதே கன்று பிறந்துவிட வேண்டும் என்று விஞ்ஞானிகள் பரபரப்பதற்கு இதுவே காரணம். ஊசியால் எடுக்க முடியாத ஒன்று அந்த இருவரிடமும் இருக்கிறது.

மரத்துக்குக் கற்றுக்கொடுக்க யாரும் தேவையில்லை என்று தோன்றும். ஆனால் அதற்கும் சுற்றம் உண்டு. கூம்பு முதிரும்போது சைகஸ் மரங்கள் சூடேறி மணம் பரப்புகின்றன. அந்த மணத்துக்கு வரும் வண்டுகள் ஆண் கூம்பில் தின்று, குடும்பம் நடத்தி, மகரந்தத்தைப் பூசிக்கொண்டு பெண் கூம்புக்குப் போகின்றன. வேர் முண்டுகளில் நீலப்பச்சைப் பாசி குடியிருந்து காற்றின் நைட்ரஜனை உணவாக்கித் தருகிறது. மகரந்தத்தில் இருந்து வெளிவரும் விந்தணு ஆயிரக்கணக்கான நுண்மயிர்களை அசைத்து நீந்திப் போய் முட்டையைச் சேர்கிறது. சைகஸில் இதை 1896-ல் ஜப்பானின் இகேனோ கண்டறிந்தபோது தாவரவியல் உலகமே வியந்தது. விதைத் தாவரங்களில் இருக்காது என்று நினைத்த நீச்சல், மரத்துக்குள்ளும் இருக்கிறது. கண்ணாடிக் கூடத்தில் தொட்டியில் நட்டு வளர்க்கும் மரத்துக்கு இந்த வண்டும் இல்லை, சரிவும் இல்லை, துணையும் இல்லை. நீந்தத் தெரிந்த விந்தணுவுக்கு நீந்திச் சேர ஓர் இடமும் இல்லை.

யாருக்காக அழுகிறோம்?

சூடான் இறந்த அன்று உலகமெங்கும் நாளிதழ்களின் முதல் பக்கத்தில் அதன் படம் வந்தது. காவலர் ஒருவர் அதன் நெற்றியை வருடும் காட்சியைப் பார்த்துப் பலர் கண் கலங்கினார்கள். 1964-ல் காட்டுத் தண்டுகளில் கடைசியாகப் பெயர்த்த ஒன்று பிரிட்டோரியாவில் பட்டபோது எந்த ஊரிலும் அது செய்தியாகவில்லை. கண்ணும் முகமும் உள்ள உயிருக்காக உருகுவது மனித இயல்பு, அதில் தவறில்லை. ஆனால் முகம் இல்லாததைப் பார்க்கவே மாட்டோம் என்று பழகிவிட்டோம். வாண்டர்சி, ஸ்சுஸ்லர் என்ற இரு அமெரிக்கத் தாவரவியல் கல்வியாளர்கள் 1999-ல் இதைத் தாவரங்களைக் காணாத குருடு என்றே பெயரிட்டு எழுதினார்கள். உலகின் சைகஸ் இனங்களில் பாதிக்கும் மேல் அழிவின் பாதையில் இருக்கின்றன. எந்த விலங்குக் கூட்டத்துக்கும் இப்படி நேர்ந்திருந்தால் தெருவில் இறங்கியிருப்போம்.

திருடர்களுக்கு அந்தக் குருடு கிடையாது. காண்டாமிருகக் கொம்புக்கு இருப்பது போலவே அரிய சைகஸ் மரங்களுக்கும் கள்ளச்சந்தை உண்டு. பணக்காரர்களின் தோட்டங்களுக்கு அவை போகின்றன. 2014-ல் கேப் டவுன் நகரின் கிர்ஸ்டன்போஷ் தாவரவியல் பூங்காவில் 24 சைகஸ் மரங்களைத் தோண்டிக்கொண்டு போனார்கள். தென்னாப்பிரிக்காவில் காண்டாமிருகத்தின் கொம்பில் மின்னணுச் சில்லு வைப்பது போலவே சைகஸ் தண்டிலும் வைக்கிறார்கள். அருகிவரும் உயிர்களின் பன்னாட்டு வாணிபத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் வடக்குக் காண்டாமிருகமும் இருக்கிறது, என்செஃபலார்டோஸ் மரங்கள் அத்தனையும் இருக்கின்றன. சட்டத்தின் கண்ணில் சமமானவை நம் கண்ணில் சமமாகவில்லை.

நூறுக்குள் இருந்தபோது

இனி அந்த இம்ஃபொலோசிக் கூட்டத்திடம் வருவோம். 1895-ல் நூற்றுக்கும் குறைவாக இருந்த தெற்குக் காண்டாமிருகங்களுக்கு இன்று நடந்திருப்பது என்ன? 15,000-க்கும் மேல் இருக்கின்றன. ஆய்வகம் இல்லை, ஊசி இல்லை, திரவ நைட்ரஜன் இல்லை. மேய்ச்சல் நிலத்தைக் காத்தார்கள், சுடுவதைத் தடுத்தார்கள், 1960-களில் இயன் பிளேயர் முன்னின்று நடத்திய திட்டத்தில் கூட்டம் பெருகியவுடன் பிடித்துப் பிற இடங்களுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். மற்றதைக் காண்டாமிருகங்களே பார்த்துக்கொண்டன. ஆண் இருந்தது, பெண் இருந்தது, புல் இருந்தது. வேட்டை இன்றும் ஓயாததால் இந்தக் கூட்டத்துக்கும் ஆபத்து நீங்கிவிடவில்லை. ஆனாலும் அவற்றுக்கு வாரிசு இருக்கிறது.

ஒரே ஆண்டில், ஒரே நாட்டில் இரண்டு உயிர்கள் மனிதக் கண்ணில் பட்டன. ஒன்று சில பத்துகளாக, இணையோடு கிடைத்தது. மற்றொன்று ஒற்றை ஆணாகக் கிடைத்தது. முதலாவதற்கு ஒரு வேலியும் ஒரு காவலும் போதுமாயிருந்தது. இரண்டாவதற்கு இன்று டிரோனும் மரபணு ஆய்வும் போதவில்லை. 1960-ல் வடக்குக் காண்டாமிருகம் 2,000 இருந்தபோது தெற்குக்குக் கொடுத்த காவலில் ஒரு பங்கைக் கொடுத்திருந்தால், ஃபாட்டுவை இத்தனை முறை மயக்கத்தில் படுக்கவைக்க வேண்டி வந்திருக்காது. அறிவியல் மீட்டுத் தருவதைவிடப் பல மடங்கை, உரிய காலத்தில் காட்டும் கவனம் காப்பாற்றும்.

நம் மலையில்

நாட்டு மருந்துக் கடைகளில் மதனகாமப்பூ என்று ஒரு சரக்கு விற்கிறது. பழுப்பு நிறச் செதில்களாக இருக்கும். ஆண்மை லேகியங்களில் சேர்ப்பார்கள். பெயரில் பூ இருந்தாலும் அது பூவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் இயற்கையாக வளரும் சைகஸ் சர்சினாலிஸ் மரத்தின் ஆண் கூம்பில் இருந்து எடுத்த செதில்கள் அவை. வுட்டியையின் தூரத்துச் சொந்தம். இதிலும் ஆண் வேறு, பெண் வேறு. இதன் ஓலைகளை அலங்காரத்துக்கு வெட்டுகிறார்கள். விதையின் நஞ்சைப் போக்கி மாவாக்கி உண்ணும் பழங்குடி மக்கள் உண்டு. அவர்கள் தலைமுறை தலைமுறையாக மரத்தோடு சேர்ந்து வாழ்ந்தவர்கள். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் இந்த மரம் இன்று அருகிவரும் இனம். காடு சுருங்கியதும், அளவுக்கு மேல் வெட்டியதும் காரணங்கள்.

ஒரு மலைச்சரிவில் இருக்கும் ஆண் கூம்புகளை எல்லாம் மகரந்தம் தூவுமுன்பே அறுத்துவிட்டால் அந்தச் சரிவின் பெண் மரங்கள் முளைக்கும் விதையின்றி நிற்கும். மரங்கள் பச்சையாகவே இருக்கும். சைகஸ் நெடுநாள் வாழும் மரம் என்பதால் குறை வெளியே தெரிய ஐம்பது, நூறு ஆண்டுகள் ஆகும். தெரியும்போது தேடுவதற்கு டிரோன் அனுப்ப வேண்டிவரும்.

இன்று அந்தத் தேவை இல்லை. நம் மலையில் ஆண் மரம் இருக்கிறது, பெண் மரம் இருக்கிறது, வண்டு இருக்கிறது, மரத்தை அறிந்த மக்கள் இருக்கிறார்கள். அறுக்கிறவர்கள் சரிவுக்குச் சில கூம்புகளை விட்டுவைத்தால் போதும். வாங்குகிறவர்கள் இது எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் போதும். வனத்துறை கணக்கெடுக்கும்போது எத்தனை மரம் என்பதோடு எத்தனை ஆண், எத்தனை பெண், எத்தனை இளங்கன்று என்றும் எழுதினால் போதும். இம்ஃபொலோசியில் 1895-ல் கிடைத்த வாய்ப்பு நமக்கு இன்று கையில் இருக்கிறது. பனந்தோப்பைப் பார்க்கும் ஒருவர் நின்ற மரங்களை எண்ணுவதோடு திரும்பிவிட மாட்டார். குனிந்து மண்ணில் வடலி இருக்கிறதா என்றும் பார்ப்பார். காட்டையும் அப்படிக் குனிந்து பார்க்க வேண்டும்.